தனிக் கல்லறையோடு ஒரு தவக்காலமா?
தமிழக ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேதகு ஆயர் பெருமக்களுக்கு,

ஸ்தோத்திரம்.

உயிர்ப்புத் திருவிழாவுக்கு முன்பு வரும் தவக்காலம் தொடங்கிவிட்டது. 2026 பிப்ரவரி 18, சாம்பல் புதன் காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டோம். இனி வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை, இறைச்சி இல்லாத சமையல், நடுவில் ஒரு தியானம், கடைசியில் பெரிய வாரம். வழக்கம்போல எல்லாம் நடக்கும். நாங்களும் வழக்கம்போல வருவோம்.

நான் ஒரு பங்கில், அதாவது ஒரு கோவிலைச் சேர்ந்த சபையில், பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைக்கல்வி எடுப்பவள். பங்கின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அந்தச் சாமியாரை மாற்றுவதோடு விஷயம் முடிந்துவிடும். நான் சொல்ல வருவது ஒரு சாமியாரைப் பற்றியோ ஒரு ஊரைப் பற்றியோ இல்லை. உங்களிடம் கேட்க வந்தது இதுதான்: சாதி நம் திருச்சபை ஊரறியச் செய்துகொண்டிருக்கும் பாவம். ஊரறியச் செய்த பாவத்துக்கு ஊரறியத் தவம் செய்ய வேண்டும். அதை இந்தத் தவக்காலத்திலேயே, நீங்கள் முன்னால் நின்று தொடங்க வேண்டும்.

சாம்பல் புதனுக்கு முன்பு எங்கள் கோவில் பணியாளரான கோவில்பிள்ளை வீடு வீடாக வந்து போன வருஷத்துக் குருத்தோலைகளை வாங்கிப் போவார். சிலுவை படத்துக்குப் பின்னால் செருகி வைத்த ஓலை, காய்ந்து சுருண்டு, ஒட்டடையோடு வரும். எல்லாவற்றையும் சாமியார் பங்களாவுக்குப் பின்னால் ஒரு மண்சட்டியில் போட்டு எரிப்பார்கள். அந்தச் சட்டியில் மட்டும் தலித்துகளான எங்கள் தெரு ஓலையும் மேல்சாதியார் இருக்கும் பெரிய தெரு ஓலையும் ஒன்றாக எரியும். மற்றபடி எங்கள் பங்கில் எல்லாமே இரண்டு.

வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கு வரி கட்டுகிறவர்தான் பங்கின் உறுப்பினர். திருவிழாக் கமிட்டியில் உட்காரலாம், தேர் வடம் பிடிக்கலாம், மண்டகப்படி செய்யலாம். எங்கள் தெருவுக்கு வரி ரசீதுப் புத்தகம் வராது. நாங்களே போய்க் கொடுத்தாலும் “இப்ப வேணாம், பார்ப்போம்” என்பார்கள். ஆனால் தவக்காலச் சேமிப்புக் கவர் வரும். தாமதமே இல்லாமல், சாம்பல் புதனுக்கு அடுத்த ஞாயிறே, வீட்டுக்கு ஒன்று. அதில் காசு போட்டு உயிர்ப்பு ஞாயிறுக்குள் திருப்பித் தர வேண்டும். ஏழைகளுக்கு உதவுவதற்காம். நாங்களும் போடுகிறோம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பத்தும் இருபதுமாகப் போடுகிறார்கள். கவரை வாங்கும் கை வரியை வாங்க மாட்டேன் என்கிறதே, ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. காரணம் எல்லோருக்கும் தெரியும். வரி வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டும். கவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்துத் தலித் கத்தோலிக்கர்கள் இதே வரி, இதே திருவிழா, இதே கல்லறை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 பிப்ரவரியில் அந்த மனுவின் மேல் நோட்டீஸ் அனுப்பப்பட்டது. கோவிலில் தீர வேண்டிய ஒன்றுக்கு டெல்லி வரை வக்கீல் வைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது தூம்பா. மற்ற சபையினர் இதைப் படித்தால் புரிவதற்காகச் சொல்கிறேன்: சவப்பெட்டியைக் கோவிலிலிருந்து கல்லறைக்குக் கொண்டுபோகும் மேற்கூரை வைத்த வண்டி. எங்கள் கோவிலில் ஒரு தூம்பா இருக்கிறது. கருப்பு வெல்வெட், வெள்ளி ஜரிகை, நான்கு மூலையிலும் சம்மனசு, அதாவது வானதூதர். சக்கரத்துக்குப் புது டயர் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் சாவு விழுந்தால் அது ஷெட்டை விட்டு வராது. பையன்கள் தோளில் தூக்கிப் போவார்கள், அல்லது டாடா ஏஸ் பேசி வருவார்கள். பெரிய தெரு வழியாகப் போனால் கோவிலிலிருந்து கல்லறை கூப்பிடு தூரம். நாங்கள் வாய்க்கால் கரையைச் சுற்றிப் போகிறோம். மழைக்காலத்தில் அந்தக் கரையில் பெட்டியோடு நடப்பது எப்படி இருக்கும் என்று உங்களில் யாராவது ஒருநாள் வந்து பார்க்கலாம்.

கல்லறைக்குள்ளும் ஒரு சுவர். இடுப்பளவுதான். தாண்டிவிடலாம்போல இருக்கும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் சாமியார் சுவருக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பக்கமும் தீர்த்தம் தெளிப்பார். அந்தப் பக்கம் நாலு தெளி, இந்தப் பக்கம் நாலு தெளி. சமமாகத்தான் தெளிப்பார். அதைச் சொல்லிவிட வேண்டும். தலித்துகளைப் பிரிக்கும் திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவரைப் பற்றி நாடே பேசியிருக்கிறது. பேசப்படாத சுவர்கள் எத்தனை என்று உங்கள் மறைமாவட்ட அலுவலகங்களைக் கேட்டால் தெரியும். பங்குச்சாமிகளுக்குத் தெரியாத கல்லறை கிடையாது.

சரி, இதற்கும் தவக்காலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. “தவக்காலம் ஆன்மிகக் காலம்மா, போராட்டத்தை அப்புறம் பார்ப்போம்” என்று ஒரு மூத்த குருவானவர் என்னிடமே சொன்னார். தவக்காலம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது.

முதல் நூற்றாண்டுகளின் திருச்சபையில் ஊரறியப் பாவம் செய்தவர்களுக்கு ஊரறியத்தான் தவம். கொலை, விபசாரம், விசுவாச மறுப்பு போன்றவை. அவர்கள் சாக்கு உடுத்து, சாம்பல் பூசி, மக்களோடு சேராமல் ஒதுங்கி நிற்பார்கள். பூசையில் தரும் நற்கருணை அப்பம் கிடையாது. தவக்காலம் முழுக்க அப்படி நின்றவர்களைப் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின பெரிய வியாழனன்று ஆயர் வந்து கைப்பிடித்து உள்ளே சேர்த்துக்கொள்வார். சாம்பல் அவர்களுடையது. எல்லோர் தலைக்கும் நெற்றிக்கும் அது வந்ததெல்லாம் ரொம்பப் பிற்பாடு, 11ஆம் நூற்றாண்டு வாக்கில். நாமும் பாவிகள்தானே என்ற தாழ்ச்சியில் எல்லோரும் பூசிக்கொண்டது நல்லதுதான். ஆனால் எல்லோரும் பூசிக்கொண்டதில் ஒன்று நடந்துவிட்டது. யார் எதற்காகப் பூசிக்கொள்கிறார் என்ற கேள்வியே இல்லாமல் போய்விட்டது. தூம்பாவைப் பூட்டி வைத்தவரும் சாம்பல் பூசிக்கொள்கிறார், பெட்டியைத் தோளில் சுமந்தவரும் பூசிக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் “மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்” என்று ஒரே வார்த்தை. சுமந்தவர் எதிலிருந்து மனம் மாற வேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மிலான் ஆயர் அம்புரோசை நீங்கள் குருமடத்தில் படித்திருப்பீர்கள். 390இல் தெசலோனிக்காவில் பேரரசன் தியோடோசியுஸின் படை ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்று போட்டது. அம்புரோஸ் அரசனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: நீர் நிற்கும் கோவிலில் என்னால் பலி ஒப்புக்கொடுக்க முடியாது. உலகத்தின் பாதியை ஆண்ட அந்தப் பேரரசன் அரச உடையைக் கழற்றி வைத்துவிட்டு மக்கள் முன்னால் தவம் செய்தான். அதற்குப் பிறகுதான் நற்கருணை. அன்றைக்கு அந்த ஆயரிடம் படை இல்லை, போலீஸ் இல்லை. பலிபீடம்தான் இருந்தது. ஒரு திருவிழாக் கமிட்டித் தலைவர் தியோடோசியுஸைவிடப் பெரியவரா?

நோன்பை மறைவாகச் செய் என்றுதானே ஆண்டவர் சொன்னார், இதையெல்லாம் விளம்பரம் ஆக்கலாமா என்று ஒரு பதில் வரும். மத்தேயு 6. சாம்பல் புதனன்று வாசிக்கும் நற்செய்தி அது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம், கதவை அடைத்துக்கொண்டு செபி, முகம் கழுவிக்கொண்டு நோன்பு இரு. ஆனால் அதே பூசையில் முதல் வாசகம் யோவேல் 2. அதில் கதவு அடைக்கும் பேச்சே இல்லை. எக்காளம் ஊது, நாள் குறி, சபையைக் கூட்டு, முதியோரையும் பால்குடிப் பிள்ளைகளையும் சேர், புது மாப்பிள்ளை அறையை விட்டு வரட்டும், மண்டபத்துக்கும் பலிபீடத்துக்கும் நடுவில் குருக்கள் நின்று அழட்டும் என்கிறது. தன் பக்தியை மறைத்துக்கொள், மக்களாகச் சேர்ந்து செய்த பாவத்தை மக்களாகச் சேர்ந்து அழு. இரண்டையும் ஒரே காலையில் ஏன் வைத்தார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் இதுதான். நாம் என்னவோ தலைகீழாகப் பிடித்துக்கொண்டோம். பாதயாத்திரைக்கு பேனர் வைக்கிறோம், கல்லறைச் சுவரைப் பற்றி சாமியார் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறோம்.

எசாயா 58ஐ இந்த வாரம் வெள்ளி, சனி இரண்டு நாளும் வாசிப்பார்கள். அதை இங்கே எடுத்து எழுதப்போவதில்லை. ஒவ்வொரு தவக்காலத்திலும் அதை வைத்துப் பிரசங்கம் கேட்டுப் பழகிவிட்டோம். நுகத்தை உடைப்பதே நோன்பு என்று மைக்கில் சொல்லும்போது பெரிய தெருக்காரர்களும் தலையாட்டுவார்கள். நுகம் எங்கே இருக்கிறது என்று சொன்னால்தானே தலை நிற்கும்.

இனி எறையூர்.

அன்று விழுப்புரம் மாவட்டம், இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம். 2008 மார்ச் 9. தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர்கள் உண்ணாநோன்பு தொடங்கியிருந்தார்கள். சாவு ஊர்வலம் போகும் பாதையும் அங்கே பல வருஷத்துப் பிரச்சினை. அன்றைக்கு வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் அவர்களுக்கும் மோதல். வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். இறந்த இருவரும் வன்னியர்கள். அவர்களுக்காகவும் நாம் அழ வேண்டும். சாதி யாரைக் கொல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நாள்காட்டியை எடுத்துப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. அந்த மார்ச் 9 ஒரு ஞாயிற்றுக்கிழமை. தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வரும் பூசை வாசகங்களில் முதல் ஆண்டு வாசகங்கள். அன்று காலை உலகம் முழுக்க வாசித்தது எசேக்கியேல் 37: நான் உங்கள் கல்லறைகளைத் திறப்பேன் என்று ஆண்டவர் சொல்லும் பகுதி. நற்செய்தி யோவான் 11, லாசரின் கல்லறை. கல்லறையைப் பற்றியே பேசும் ஒரு ஞாயிற்றில்தான் அது நடந்தது.

இந்த ஆண்டும் முதல் ஆண்டு வாசகங்கள்தான். ஐந்தாம் ஞாயிறு மார்ச் 22. அதே எசேக்கியேல், அதே லாசர்.

அந்த நற்செய்தியில் ஒரு இடத்தை மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு நான் நிறுத்தி நிதானமாகச் சொல்வேன். இறந்தவனை எழுப்பும் வல்லமை உள்ளவர் கல்லைத் தாமே உருட்டிவிடவில்லை. நின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்துக் கல்லை அகற்றச் சொன்னார். உடனே மார்த்தா குறுக்கே வருகிறாள்: ஆண்டவரே, நாலு நாள் ஆகிவிட்டதே, நாற்றம் அடிக்குமே! மார்த்தா கெட்டவள் இல்லை. அவள் விசுவாசி. சற்று முன்புதான் அருமையாக ஒரு விசுவாச அறிக்கை செய்தாள். அப்படிப்பட்டவளே கல்லை எடுக்கச் சொன்னதும் நாற்றத்துக்குப் பயப்படுகிறாள். இப்போது தொட்டால் பிரச்சினை வரும், சட்டம் ஒழுங்கு கெடும், ஊர் இரண்டுபடும், கொஞ்சம் பொறுங்கள் என்று எங்களுக்குச் சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் எனக்கு மார்த்தா ஞாபகம்தான் வரும். நாற்றம் அடிக்கும்தான். உள்ளே இருப்பதால் அடிக்கிறது.

கல்லை எடுத்தவர்கள் நம்மிடமே இருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளம் கோவில் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் இளையவர்கள் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். 1872இல் கட்டிய அந்தக் கோவிலில் ஜனங்கள் உட்கார இரண்டு கூடங்கள், கால்சட்டையின் இரண்டு கால்கள்போலப் பிரிந்து போய்ப் பலிபீடத்தில் சேரும். ஒன்று வெள்ளாளருக்கு, ஒன்று நாடாருக்கு. பூசை வைப்பவர் இரண்டு கூட்டத்தையும் பார்க்கலாம், ஒரு கூட்டம் இன்னொன்றைப் பார்க்க முடியாது. கட்டிடக் கலையில் இது ஒரு சாதனைதான். 1910இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்பை இடித்தார். வெள்ளாளர்கள் வழக்குப் போட்டார்கள், தோற்றார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில், போக்குவரத்து இல்லாத ஒரு தெற்கத்தி கிராமத்தில், ஒரு குருவானவரால் முடிந்தது. அதன் பிறகு நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

நம் திருச்சபையில் காகிதத்துக்குப் பஞ்சம் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களுக்குள் சாதி பார்ப்பது உண்மையான மனித ஒருமைப்பாட்டுக்கே எதிரானது என்று நேராகவே சொன்னார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தானே ஒத்துக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார், தலித்துகளிலிருந்து முதல் கர்தினால். அன்று எங்கள் தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். சந்தோஷம்தான். தூம்பா ஷெட்டில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 10 விஷயத்துக்கு வருகிறேன். 1950இல் அதே நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாத தலித்துகளுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு நமக்கும் முஸ்லிம்களுக்கும் திறக்கவில்லை. அதனால் ஆண்டுதோறும் கறுப்பு நாள் அனுசரிக்கிறோம். மேடையில் நீங்கள் எங்களோடு நிற்கிறீர்கள். அதற்கு நன்றி உண்டு. 1985இல் சென்னையைச் சேர்ந்த சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன கேட்டது என்று யோசித்துப் பாருங்கள். தெருவோரத்தில் தொழில் செய்யும் செருப்புத் தொழிலாளர்களுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை கொடுத்தது, கிறிஸ்தவர் என்பதால் சூசைக்கு இல்லை. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டவில்லை என்று சொல்லி மனு தள்ளுபடி ஆனது. டெல்லியில் நாம் ஆதாரம் தேடுகிறோம். இங்கே பங்கில் கேட்டால் “நம்மகிட்ட சாதி ஏதும்மா, எல்லாரும் ஆண்டவர் பிள்ளைங்க” என்கிறார்கள். எது உண்மை என்று இரண்டு இடத்திலும் ஒரே பதில் சொல்லுங்கள். சாதி இருக்கிறது என்று டெல்லியில் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்க வேண்டுமென்றால், அதை ஒழிக்க ஊரில் என்ன செய்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

என்ன செய்யச் சொல்கிறேன்?

முதலில் பெயர் சொல்லுங்கள். தனிக் கல்லறை, தனித் தூம்பா, தனிப் பாதை, வரி மறுப்பு இருக்கும் பங்குகள் எவையெவை என்று ஒவ்வொரு மறைமாவட்டமும் எழுதட்டும். மார்ச் 22 ஞாயிறு, லாசர் நற்செய்தி வாசித்த கையோடு, எல்லாக் கோவிலிலும் அந்தப் பட்டியலை வாசியுங்கள். யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று அறிவிக்கும் திருமண ஓலையைப் பீடத்திலிருந்து ஊரறிய வாசிக்கத் தெரிந்த நமக்கு இதையும் வாசிக்கத் தெரியும். எங்கள் பங்கின் பெயர் வரும்போது எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

அந்தப் பங்குகளில் சிலுவைப்பாதை எங்கள் தெருவுக்கு வரட்டும். இப்போது சிலுவை தெருத் திருப்பத்தோடு நின்றுவிடும், நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்துகொள்வோம். சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளில் ஒன்றுகூட எங்கள் தெருவில் கிடையாது. ஆயரே வந்து சிலுவையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தால் யார் தடுப்பார்கள் என்று பார்ப்போம். சீரேன் ஊர் சீமோனைப் பிடித்து இழுத்துத்தான் சுமக்க வைத்தார்கள். உங்களை நாங்கள் அன்பாகத்தான் கேட்கிறோம்.

இதற்கெல்லாம் கெடு பெரிய வியாழன், ஏப்ரல் 2. தவம் செய்தவர்களை ஆயர் உள்ளே சேர்த்துக்கொண்ட அதே நாள். அதற்குள் சுவர் இறங்கி, தூம்பா ஷெட்டை விட்டு வந்து, ரசீதுப் புத்தகம் எங்கள் தெருவுக்கு வந்திருந்தால், அன்று மாலைப் பூசையில் ஒன்றாக நிற்போம். பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரில் எங்கள் தெரு ஆட்களும் இருப்பார்கள். பெண்களும் இருக்கலாம், அதற்கு 2016இலேயே ரோமில் வழி திறந்துவிட்டார்கள். பங்குப் பேரவை உறுப்பினர்களின் பாதங்கள் இத்தனை வருஷம் கழுவிய கழுவலில் போதுமான அளவு சுத்தமாகிவிட்டன.

வராவிட்டால்? அந்தப் பங்கில் இந்த ஆண்டு தேர் கிடையாது என்று சொல்லுங்கள். கொடியேற்றம் இல்லை, கூட்டுப் பூசைக்கு ஆயர் வர மாட்டார், உறுதிபூசுதல் பக்கத்துப் பங்கில் நடக்கும். இதெல்லாம் உங்கள் கையில் இருக்கும் அதிகாரம். கோர்ட்டுக்குப் போக வேண்டாம், கலெக்டரைப் பார்க்க வேண்டாம். திருவிழா நின்றால்தான் எங்கள் ஊரில் பேச்சுவார்த்தைக்கே வருவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும், நான் அந்த ஊரில் பிறந்தவள். சாவுக்கு அசையாதவர்கள் தேருக்கு அசைவார்கள்.

தனித்தனி ஆளாக எங்களுக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பெரிய தெருவிலும் இதை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். என்னோடு மறைக்கல்வி எடுக்கும் பெண் ஒருத்தி எங்கள் வீட்டில் சாப்பிட்டுப் போகிறவள். அவளுக்கு அவள் வீட்டில் பேச ஒரு பிடி வேண்டும். ஆயர் சொல்லிவிட்டார் என்பதைவிடப் பெரிய பிடி எங்கள் ஊரில் கிடையாது.

இந்த மடலுக்குத் தனியாகப் பதில் எழுதி எனக்கு அனுப்ப வேண்டாம். மார்ச் 22 பூசையில் வாசிக்கட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாய்க்கால் கரை வழியாகக் கல்லறைக்குப் போகும் தெருவைச் சேர்ந்த
ஒரு மறைக்கல்வி ஆசிரியை